தேங்காய் உடைத்த பிறகு தோண்டிய குழி

ரஞ்சனி அக்காவை எங்கள் டிவிஷனில் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிடலாம். மேல் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, "மழ வருது, துணிய எடுங்க!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் அது தேயிலைச் சரிவைத் தாண்டி, தொழிலாளர்களின் லைன் வீடுகளைத் தாண்டி, ஓடைக்கரையில் துவைப்பவர்கள் வரைக்கும் போகும். வயது இருபத்தெட்டு. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. காலில் எப்போதும் ஒரு சைஸ் பெரிய ரப்பர் பூட்ஸ். அந்தக் குரலால் அவர் மாட்டிக்கொண்டதையும், பிறகு நடந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் டிவிஷன், அதாவது தேயிலைத் தோட்டத்தின் எங்கள் பிரிவு, நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலே இருக்கிறது. தொண்ணூற்றிரண்டு வீடுகள். பெரியவர்களில் பாதிப்பேர் இலங்கைத் தோட்டங்களில் பிறந்து கப்பலேறி வந்தவர்கள். ஓடையிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டியில் விழும். அந்தத் தொட்டி எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. சாய்ந்த பக்கம் வெடித்துவிட்டதால் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்காது. மீதிப் பாதிக்குத்தான் தொண்ணூற்றிரண்டு வீடும் குடத்தோடு வரிசையில் நிற்கும்.

ரஞ்சனி அக்கா ஒன்பது வயதில் அந்த வரிசையிலிருந்து குடத்தோடு திரும்பும்போது சறுக்கி விழுந்து தாடையில் இரண்டு தையல் போட்டுக்கொண்டவர். பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவருக்கு ஒரு கேள்வி வந்தது. தொட்டி ஏன் சாய்ந்தது? எல்லோரிடமும் கேட்டார். "பழசு புள்ள" என்றார்கள். பள்ளிக்கூடம் அதைவிடப் பழசு, அது ஏன் சாயவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் அவர் சிவில் டிப்ளமா படிக்கப் போனார் என்று அவருடைய அம்மா சொல்வார். படித்து முடித்து நான்கு வருடம் கோயம்புத்தூரில் ஒரு ஆபீசில் உட்கார்ந்து அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஜன்னல் ஜன்னலாக வரைந்தார். எங்கள் டிவிஷனுக்குப் புதுத் தொட்டி வருகிறது என்று தெரிந்த அன்றே, அந்த வேலையை எடுத்த கான்ட்ராக்டரிடம் போய் நின்று, "சூப்பர்வைசரா என்னைப் போடுங்க, அந்த மண்ணுல விழுந்து எந்திரிச்சவ நான்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

புதுத் தொட்டி இரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டு இணைப்பது. வட்டமானது. எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். நிரம்பினால் ஒன்றரை லட்சம் லிட்டர், அதாவது நூற்றைம்பது டன். ஒரு யானை நான்கு டன் என்று வைத்துக்கொண்டால் முப்பத்தேழு யானைகளை ஒரே வட்டத்துக்குள் நெருக்கி நிற்க வைத்த மாதிரி. அந்த யானைகள் எதன் மேல் நிற்கும்? அதுதான் அடித்தளம்.

இங்கே எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்டிப் பார்த்தால் ரவா லட்டு மாதிரி இருக்கும். சிவப்பு மண்ணுக்குள் முந்திரி, திராட்சை போலக் கற்கள் புதைந்திருக்கும். சில கைமுட்டி அளவு, சில பூசணிக்காய் அளவு, சில ஆட்டோ அளவு. எந்தக் காலத்திலோ மேலிருந்து உருண்டு வந்து மண்ணுக்குள் மாட்டிக்கொண்டவை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கமும் உண்டு. வீடோ சுவரோ எதைக் கட்டினாலும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கடப்பாரை 'ணங்' என்று பாறையில் பட்டால், அதோடு நிறுத்திவிட வேண்டும். பாறைக்கு மஞ்சள் வைத்து, கற்பூரம் காட்டி, அதன் மேலேயே தேங்காய் உடைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குழியில் யாரும் கடப்பாரை போடக் கூடாது. பாறை கிடைப்பது அவ்வளவு பெரிய அதிர்ஷ்டம். பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட, "எங்க வீடு பாறை மேல கட்டுனது" என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு.

புதுத் தொட்டிக்கான இடத்தில் முன்னாலேயே ஒரு மெஷினைக் கொண்டுவந்து மண் சோதனை செய்திருந்தார்கள். குழாயை மேலிருந்து சுத்தியலால் அடித்து இறக்கிப் பார்க்கும் சோதனை. ஒரே ஒரு இடத்தில் அடித்தார்கள். நாலரை அடியில் குழாய் இறங்க மறுத்துவிட்டது. 'நாலரை அடியில் பாறை' என்று ரிப்போர்ட் வந்தது. அதை வைத்துத்தான் கோயம்புத்தூரில் இருக்கும் இன்ஜினியர் கீர்த்திவாசன் அடித்தளத்தை வரைந்து அனுப்பினார். கூடவே ஒரு தேதியையும் சொன்னார். மே இருபத்தைந்துக்குள் அடித்தளம் தயாராகிவிட வேண்டும். ஜூனில் பெருமழை பிடித்துவிட்டால் மேலே லாரி ஏறாது. தயாராகாவிட்டால் தகடுகள் பட்டியலில் அடுத்து இருக்கும் கிளென்மார்கன் பக்கத்து வேலைக்குப் போய்விடும். எங்களுக்கு அடுத்த வருடமோ, அதற்கடுத்த வருடமோ.

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி குழி நாலரை அடியைத் தொட்டது. மேற்குப் பக்கத்தில் சேற்றில் படுத்த எருமை முதுகு மாதிரி ஒரு பாறை தெரிந்தது. மேஸ்திரி மாரப்பன் கடப்பாரையை ஓங்கி இறக்கினார். ணங்! மாரப்பன் மேட்டுப்பாளையத்துக்காரர். பதினெட்டு வருடமாக மலையில் வேலை செய்பவர். காதால் கேட்டே கல்லைச் சொல்வதாகப் பெருமைப்படுபவர்.

"கேட்டீங்களா அம்மணி! கோயில் மணியாட்டம் இருக்குதுங்க" என்றார்.

ரஞ்சனி அக்கா அதோடு விடவில்லை. குழியில் ஐந்து இடங்களைக் காட்டிக் கடப்பாரை போடச் சொன்னார். ஐந்திலும் ணங், ணங் என்றது. ரிப்போர்ட் சொன்ன அதே நாலரை அடி! சந்தோஷம் தாங்காமல் குழி மேட்டில் ஏறி நின்று அந்தக் குரலில் கத்தினார்.

"பாறை வந்துருச்சு!"

தொண்ணூற்றிரண்டு வீட்டுக்கும் கேட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். சின்னம்மைப் பெரியம்மா தேங்காயோடு ஓடி வந்தார். தண்ணீர் வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதை முடிவு செய்பவர் அவர்தான். இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் பிறந்தவர். குழாயடியை இன்றைக்கும் 'பீலி' என்றுதான் சொல்வார்.

"இனி பீலியில சண்ட போட ஆளே இருக்காது. எனக்குத்தான் பொழுது போவாது" என்றார். மாரப்பன் பாறை முதுகில் தேங்காயை உடைத்தார். அது சரிபாதியாக உடைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டியது. இரண்டு மணி நேரம் விடாத மழை.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் ரஞ்சனி அக்கா குழிக்குப் போனார். மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்க வேண்டியிருக்கும் என்று குழாயோடு போயிருந்தார். குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லை.

பின்னாலேயே வந்த ஆட்கள், "அட, இறைக்கிற வேலை மிச்சம்" என்று சிரித்தார்கள். ரஞ்சனி அக்கா சிரிக்கவில்லை. பாறை என்றால் அது பாத்திரம் மாதிரி. தண்ணீர் நிற்க வேண்டும். இரண்டு மணி நேர மழை எங்கே போயிற்று?

கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எருமை முதுகின் ஓரத்தில், பாறையும் மண்ணும் சேரும் இடத்தில் குத்தினார். ஒரு அடி இறங்கியது. இரண்டு அடி. மூன்று. நான்கு. கடப்பாரை வெண்ணெயில் போவது போலப் போனது. அந்த இடத்திலேயே மண்ணை வாரிப் பக்கவாட்டில் ஒரு பள்ளம் தோண்டினார். குப்புறப் படுத்துப் பாறைக்கு அடியில் கையை விட்டார். ஈர மண். பொலபொலவென்று உதிர்ந்தது. விரலில் ஏதோ தட்டியது. இழுத்தார். கட்டை விரல் தடிமனுக்கு ஒரு வேர்.

மேட்டில் நிற்கும் கற்பூர மரத்து வேர். இலையைக் கசக்கினால் தைல வாசனை வருமே, அந்த மரம். பாறைக்கு அடியில் வேர் போகுமா? மலையோடு ஒட்டிய பாறைக்கு அடி என்று ஒன்றே கிடையாது. இது பாறை இல்லை. பாறை மாதிரி நடித்த ஒரு கல். மண்ணில் மிதக்கும் கல்.

மற்ற நான்கு இடங்களிலும் பார்த்தார். பூசணிக்காய் அளவு, தலை அளவு, முட்டி அளவு. கடப்பாரையை எங்கே போட்டாலும் ஏதாவது ஒரு கல்லில் பட்டு ணங் என்றுதான் சொல்லும். எங்கள் மண் அப்படி. சோதனை மெஷினின் குழாயும் அந்தப் பெரிய கல்லின் தலையில்தான் போய் உட்கார்ந்திருக்கிறது.

போனில் சிக்னல் கிடைப்பது மேட்டில் ஒரே இடத்தில்தான். அங்கே ஓடிப்போய்க் கீர்த்திவாசனைக் கூப்பிட்டார்.

"ஏங்க ரஞ்சனி, ரிப்போர்ட்ல ராக்னு தெளிவா போட்டிருக்குங்க. நீங்களே நேத்து ராக்னு மெசேஜ் போட்டீங்க. தேங்கா போட்டோ வேற அனுப்புனீங்க" என்றார் அவர்.

"சார், ராக்குக்கு அடியில வேர் இருக்கு சார்."

"வேரா?"

"கையில வச்சிருக்கேன். வீடியோவுல பாருங்க."

பார்த்தார். "நாளன்னிக்கு வர்றேன். அதுவரைக்கும் காங்கிரீட் போட்டுறாதீங்க" என்றார்.

இதை எங்கள் ஆட்களிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மாரப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க அம்மணி, தேங்கா ஒடச்ச குழிங்க அது. மறுக்கா கடப்பாரை போட்டா ஆவாதுங்க. என்ற ஆளுக ஒருத்தன் இறங்க மாட்டான். பதினெட்டு வருசமா இந்தக் காதுல கேட்டுக் கல்லச் சொல்றனுங்க. இது பாறைங்க."

"மேஸ்திரிண்ணா, ஒரு நிமிசம் குப்புறப் படுங்க."

"என்னதுங்க?"

"படுத்துக் கைய உள்ள விடுங்க."

மாரப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனகியபடியே படுத்தார். கை முழங்கைவரை உள்ளே போனது. தோள்வரை போனது. அப்படியே கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மேல தட்டிப் பாத்தமுங்க. அடியில கேக்கவே இல்லீங்க."

அதற்குள் சின்னம்மைப் பெரியம்மா வந்துவிட்டார். கூடவே பத்துப் பன்னிரண்டு பேர்.

"என்னா புள்ள, வெளையாட்டா? நேத்து பாறைன்னு கூவுன. இன்னைக்கி இல்லேங்குற. தோண்டிக்கிட்டே இருந்தா அந்தத் தகடு கிளென்மார்கன் போயிரும். எங்களுக்கு அந்தச் சாஞ்ச தொட்டியே கதியா? நேத்தே காங்கிரீட்ட ஊத்தியிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"தொட்டிக்குத் தெரியும் பெரிம்மா. இதுவும் சாயும்."

"சாஞ்சா பாத்துக்கலாம். இல்லாததுக்குச் சாஞ்சது மேலு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பலருக்கும் பட்டது. எல்லோரும் ரஞ்சனி அக்காவைப் பார்த்தார்கள். பேசாமல் விட்டால் தொட்டி வந்துவிடும். மே மாதம் முடிவதற்குள் வந்துவிடும். சாய்வதற்கு ஒரு வருடம் ஆகலாம், இரண்டு ஆகலாம். அப்போது அவர் வேறு எங்கேயாவது வேலையில் இருப்பார். தோண்டினால் நாள் போகும். தேதி தாண்டினால் தொண்ணூற்றிரண்டு வீட்டின் தண்ணீரைக் கெடுத்தவள் என்ற பெயர் அவர் செத்த பிறகும் நிற்கும்.

அவர் முந்தின நாள் நின்ற அதே மேட்டில் ஏறினார். அதே குரல்.

"பாறைன்னு சொன்னது நான்! தப்பாச் சொல்லிட்டேன்! அது கல்லு! அடியில மண்ணு!"

கீழ் லைனில் யாரோ, "என்னாவாம்?" என்று கேட்டதும், இன்னொருவர், "கல்லாம், பாறை இல்லையாம்" என்று சொன்னதும் மேலே வரை கேட்டது. ரஞ்சனி அக்கா இறங்கி, தேங்காய்த் தண்ணீர் காய்ந்திருந்த அந்த முதுகின் பக்கத்திலேயே முதல் கடப்பாரையைத் தானே போட்டார். "தோசம்னா எனக்கு வரட்டும்" என்றார். மாரப்பன் இரண்டு நிமிடம் நின்று பார்த்தார். "அம்மணி, கடப்பாரைய அப்படிப் புடிச்சா இடுப்புப் போயிரும். குடுங்க இங்க" என்று பிடுங்கிக்கொண்டார். அவர் இறங்கிவிட்டதால் ஆட்களும் இறங்கினார்கள்.

சொன்னபடி கீர்த்திவாசன் வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஆனால் குழியில் இறங்கியதும் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார். நான்கு பக்கமும் நடுவிலும் பெரிய பெரிய பள்ளமாகத் தோண்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் இறங்கிக் கையால் மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "இந்த மாதிரி மண்ணுல சின்னத் துளை போட்டுப் பாத்தா ஏமாத்திரும். ஒண்ணு கல்லு மேல படும், இல்லேன்னா கல்லை விட்டுட்டுப் போயிரும். இப்படித் திறந்து பாக்கோணும். நான் முதல்லயே கேட்டிருக்கோணும்" என்றார்.

சின்னம்மைப் பெரியம்மா அவரையும் விடவில்லை. "ஏன் தொர, கல்லு இருந்தா நல்லதுதான? கெட்டியா இருக்குமில்ல?"

"அம்மா, நீங்க பாயில படுப்பீங்கல்ல? தரை முழுக்க மண்ணா இருந்தா தூக்கம் வருமா?"

"வரும்."

"தரை முழுக்கப் பாறையா இருந்தா?"

"முதுகு வலிக்கும். ஆனா வரும்."

"மண்ணுல ஒரே ஒரு கல்லு மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தா?"

பெரியம்மா குனிந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் பளிச்சென்று புரிந்தது. தொட்டியின் அடித்தகடு மெல்லியது. தண்ணீர் நிரம்பும்போது கிழக்குப் பக்கத்து மண் கொஞ்சம் அமுங்கும். மேற்கில் கல் அமுங்காது. தொட்டி கல்லின் மேல் ஒரு பக்கம் தூக்கி நின்று, மறுபக்கம் சாய்ந்து, போல்ட் போட்ட இணைப்புகள் கிழிந்துவிடும். ஆகவே தொட்டி நேராக நிற்க வேண்டுமானால் இருப்பதிலேயே கெட்டியான பொருளைத்தான் முதலில் வெளியே எடுக்க வேண்டும்!

கணக்குப் போட்டார்கள். கல்லை எடுக்க வேண்டும். குழி முழுவதும் இன்னும் மூன்றடி வெட்டி, பெரிய கற்களைப் பொறுக்கிவிட்டு, நல்ல மண்ணையும் ஜல்லியையும் கலந்து அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். அதன் மேல் தொட்டியின் சுற்றுத் தகடுகளைத் தாங்கும் வளையக் காங்கிரீட். அது இறுக இரண்டு வாரம். பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தால், மே பத்தாம் தேதி காங்கிரீட் போட்டே ஆக வேண்டும். கையில் பதினைந்து நாள்.

எங்கள் மலையில் வெடி வைக்க முடியாது. ஜேசிபி இறக்க அனுமதி வாங்குவதற்குள் மழை வந்துவிடும். எல்லாம் கைவேலை. கல் முழுவதும் வெளியே தெரிந்தபோது எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி உயரம். அதில் வரிசையாகத் துளை போட்டு, தண்ணீரில் குழைத்த ஒரு பவுடரை ஊற்றினார்கள். அது காயக் காய ஊதிப் பெருத்துக் கல்லைப் பிளக்கும். மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குழிக்குள் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தோம். துளை வரிசை நெடுக மயிரிழை மாதிரி ஒரு கோடு. மாலைக்குள் அதில் விரல் நுழைந்தது. தேங்காயைப் போலவே சரிபாதி! ஆட்கள் விசில் அடித்தார்கள். உடைந்த துண்டுகளை வைத்துக் கீழ்ச்சரிவில் ஒரு தாங்குசுவரே எழுந்துவிட்டது.

ஆனால் கல் பொறுக்கும் வேலை நகரவில்லை. ஒவ்வொரு அடுக்கும் எட்டு அங்குலம்தான் போட வேண்டும். அதில் பெரிய கல் இருந்தால் அதைச் சுற்றி மண் இறுகாது. எது பெரிய கல், எது சின்னக் கல் என்று ஆட்களுக்குள் ஓயாத தகராறு. மே மூன்றாம் தேதி வரை ஒரு அடுக்குகூட முடியவில்லை. ரஞ்சனி அக்காவுக்குக் குரல் கம்மிப் போயிற்று. நாங்கள் அப்படி அவரைக் கேட்டதே இல்லை.

மறுநாள் அவர் கம்பியை வளைத்து நாலு அங்குல அகலத்தில் வட்ட வட்டமாக இருபது வளையங்கள் செய்துகொண்டு வந்தார். கல் வளையத்துக்குள் நுழைந்தால் உள்ளே, நுழையாவிட்டால் வெளியே. பேச்சே இல்லை. அன்று மாலை இலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த சின்னம்மைப் பெரியம்மா ஒரு வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னா, கல்லுக்கு வளகாப்பா?"

"ஆமா பெரிம்மா."

"ஒனக்கே இன்னும் நடக்கல, கல்லுக்கு நடத்துறியாக்கும்" என்று சொல்லிவிட்டு, குவியலின் முன்னால் உட்கார்ந்தார். பிறகு லைன்களின் பக்கம் திரும்பி, "அடியே, வாங்கடி! முத்தலும் கொழுந்தும் பிரிக்கிற கைதான? கல்லப் பிரிங்க!" என்றார். இருபது பெண்கள் வந்தார்கள். தேயிலை பிரிக்கும் வேகம் இருக்கிறதே, அது கண்ணால் பின்தொடர முடியாத வேகம். இரண்டாம் நாள் அவர்களுக்கு வளையமே தேவைப்படவில்லை. கை எடுத்ததுமே தெரிந்தது. மாரப்பனின் ஆட்கள் மோட்டார் திமிசை விட்டு மண்ணை இடிக்க, அது குதிக்கும் ஒவ்வொரு முறையும் லைன் வீட்டுத் தட்டுகள் அதிர்ந்தன. ஒவ்வொரு அடுக்கிலும் ரஞ்சனி அக்கா ஒரு சிறு குழி எடுத்து, எடை போட்டு, மண் போதுமான அளவு இறுகிவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த அடுக்கு. நாலாவது அடுக்கு தேறவில்லை. பிரித்து மறுபடி போடச் சொன்னார். அன்று அவரை வையாத ஆள் இல்லை.

மே பத்தாம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் காங்கிரீட் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடிந்தது. இருபத்தைந்தாம் தேதி காலை, முதல் லாரி தகடுகளோடு எங்கள் ரோட்டில் ஹாரன் அடித்தது. அந்த ஹாரனுக்கு நாங்கள் ஓடிய ஓட்டத்தை எழுதிக் காட்ட முடியாது.

ஆனால் தொட்டி வந்ததாலேயே ஜெயித்ததாக ஆகிவிடாது. முப்பத்தேழு யானைகள் இன்னும் ஏறவில்லை. ஜூன் முதல் தேதி நிரப்பிப் பார்க்கும் வேலை தொடங்கியது. தொட்டியைச் சுற்றி எட்டு இடங்களில் சிவப்புப் பெயிண்டில் குறி போட்டார்கள். மூன்று கால் லெவல் கருவியைத் தள்ளி நிறுத்தி, ஒவ்வொரு குறியும் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். "எறங்கறது தப்பில்ல. எட்டும் ஒண்ணு போல எறங்கணும்" என்றார் ரஞ்சனி அக்கா. ஒன்று மட்டும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசமாகப் போனால் தண்ணீரை வெளியே திறந்துவிட வேண்டியதுதான்.

கால் தொட்டி: எல்லாம் ஒன்று, இரண்டு. அரைத் தொட்டி: மூன்று, மூன்று, நான்கு, மூன்று. முக்கால் தொட்டியில் மூன்றாம் குறி ஏழு காட்டியது. எதிர்ப்பக்கம் நான்கு. மூன்றாம் குறி எது தெரியுமா? அந்தக் கல் இருந்த இடம். கல்லை எடுத்து நிரப்பிய பள்ளம். வித்தியாசம் மூன்று, இன்னும் ஐந்தைத் தொடவில்லை; ஆனாலும் ரஞ்சனி அக்கா அந்தக் குறியையே மறுபடி மறுபடி அளந்தார். அதைப் பார்க்க எங்களுக்குப் பயமாக இருந்தது. சின்னம்மைப் பெரியம்மா தினமும் தேங்காயோடு வந்து திரும்பிப் போனார். "தேங்கா அழுகிரும் புள்ள" என்றார். "அழுகட்டும். முழுசா நிரம்பி ஒரு நாள் நிக்கட்டும். அதுக்கு முன்ன ஒடைக்கக் கூடாது" என்றார் அக்கா.

ஐந்தாம் தேதி மாலை நாலு மணிக்குத் தொட்டி நிரம்பியது. அதே நேரத்தில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியது. எங்கள் ஊர் மஞ்சு வந்தால் கையை நீட்டினால் விரல் தெரியாது. கருவி வழியாகப் பார்த்தால் வெறும் பால். ரஞ்சனி அக்கா கண்ணை எடுக்காமல் நின்றார். சின்னம்மைப் பெரியம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு மஞ்சுக்குள் போய், மூன்றாம் குறியில் மாரப்பன் பிடித்திருந்த அளவுக்கட்டையின் மேல் அடித்தார். "தெரியுதா புள்ள?" "இல்ல." "இப்ப?" "கொஞ்சம் மேல... நில்லுங்க! ஆடாதீங்க!"

"எட்டு" என்றார் அக்கா. அடுத்த குறி. "ஏழு." அடுத்தது. "எட்டு." எதிர்ப்பக்கம்? "ஏழு!" எட்டுக் குறிகளும் ஏழு, எட்டு, ஏழு, எட்டு. மூன்றாம் குறி முதலில் இறங்கிவிட்டுக் காத்திருந்தது. மற்றவை வந்து சேர்ந்துகொண்டன! மறுநாள் மாலையும் அதே எண்கள். ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. மாரப்பன் தேங்காயை வாங்கினார். உடைப்பதற்கு முன்னால் குனிந்து வளையக் காங்கிரீட்டின் அடியைக் கையால் தடவினார். "எதுக்கும் ஒருக்கா பாத்துக்குவமுங்க" என்றார்.

தேங்காய் உடைந்தது. பீலியில் தண்ணீர் பாய்ந்தது. வரிசையில் முதல் குடம் யாருடையது என்று உடனே சண்டையும் வந்தது. சின்னம்மைப் பெரியம்மாவுக்குப் பொழுது போகாத குறை தீர்ந்தது.

இந்தக் கூத்தில் ரஞ்சனி அக்காவைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், இடிக்கப் போகிற அந்தப் பழைய சாய்ந்த தொட்டியின் பக்கத்தில், தூக்கி நிற்கும் மூலைக்கு அடியில் மண்ணை வாரிக்கொண்டிருக்கிறார். பூட்ஸ் முழுக்கச் சேறு. தொட்டி ஏன் சாய்ந்தது என்று பத்தாம் வகுப்பில் கேட்ட கேள்வியை அவர் விடவில்லை. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார். தோள்வரை போனது. முகம் மலர்ந்தது. எழுந்து மேட்டில் ஏறினார். கம்மிப் போயிருந்த குரல் முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

"கெடச்சிருச்சு! அடியில இருக்கு!"

கீழே குடங்களின் நடுவிலிருந்து சின்னம்மைப் பெரியம்மா கத்தினார்: "என்னா புள்ள, பாறையா?"

"கல்லு பெரிம்மா! வெறும் கல்லு! சுத்திப் பாத்துட்டேன்!"